காளை முட்டும் களத்தில் காப்பாற்றுவதற்கென்று ஆள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தை பிறந்துவிட்டால் உங்கள் நாளிதழில் ஜல்லிக்கட்டுப் படங்களுக்குப் பக்கத்திலேயே இன்னொரு செய்தியும் வந்துவிடும், காளை முட்டி இன்னார் பலி, இத்தனை பேர் காயம் என்று. ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கம் புரட்டுகிறோம். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஜல்லிக்கட்டு பெரிதாக இல்லைதான். ஆனால் மாட்டுவண்டிப் பந்தயம் பார்க்க நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் பைக் எடுத்துக்கொண்டு போகிற பையன்கள் இங்கே நிறைய உண்டு, யானை வருகிற திருவிழாக்கள் உண்டு, ஓணத்துக்கும் கிருஷ்ண ஜெயந்திக்கும் வழுக்குமரம் ஏறுவது உண்டு. அதனால் இது மதுரைக்காரர்கள் பாடு என்று நாம் விட்டுவிட முடியாது. போன கோடையில் அமெரிக்காவில் ஒரு சின்ன ஊரில் ரோடியோ என்கிற காளை, குதிரைப் போட்டி பார்த்தேன், அங்கே கண்ட ஒரு விஷயத்தை நம் ஊர் கமிட்டிக்காரர்கள் எல்லாரும் கேட்க வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அதில் பெரும்பகுதி அவசர சிகிச்சைப் பிரிவில். மகள் குடும்பம் கொலராடோ மாநிலத்தில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரத்தில் இருக்கிறது. அமெரிக்கத் தொழில்முறை ரோடியோ வீரர்கள் சங்கத்தின் தலைமையகம் அந்த நகரத்தில்தான், பெரிய வீரர்களுக்கும் பேர்பெற்ற காளை குதிரைகளுக்கும் சேர்த்து ஒரு அருங்காட்சியகமும் வைத்திருக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை மருமகன், "மாமி, நம்ம ஊர்த் திருவிழா மாதிரி இருக்கும், வாங்க" என்று கூப்பிட்டார். மலையெல்லாம் பின்னால் போய், கோதுமையும் மேய்ச்சல் நிலமுமாகக் கண்ணுக்கெட்டிய தூரம் தட்டையாகக் கிடக்கிற கிழக்குப் பக்கத்து ஊர் ஒன்று, மொத்தமே ஒரு பெரிய தெருதான். ஊருக்கு வெளியே மண் களம், சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் இரும்பு வேலி, அதற்கு வெளியே படிப்படியாக உட்காரும் பலகைகள். டிக்கெட் கிழித்தவர், தண்ணீர் விற்றவர், வண்டி நிறுத்த இடம் காட்டியவர் எல்லாரும் அந்த ஊர்க்காரர்கள், கமிட்டியில் சேர்ந்து கூலி வாங்காமல் வேலை செய்கிறவர்கள். சொன்ன நேரத்துக்கு ஒரு பெண் தேசியக் கொடியைப் பிடித்தபடி குதிரையில் பாய்ந்து வந்து களத்தைச் சுற்றினாள், ஜெபம் சொன்னார்கள், தேசியகீதம் பாடினார்கள், உடனே ஆட்டம்.

ஆட்டங்கள் பல. திமிருகிற குதிரை மேல் சேணம் இல்லாமல் ஒரு முறை, சேணத்தோடு ஒரு முறை. ஓடுகிற குதிரையிலிருந்து எருதின் கொம்பைப் பிடித்துத் தாவி இறங்கி அதைக் கீழே சாய்ப்பது ஒன்று, இதை ஆரம்பித்து வைத்தவர் டெக்சஸ் மாநிலத்துக் கறுப்பின வீரர் பில் பிக்கெட் என்று மருமகன் சொன்னார். பெண்கள் மூன்று பீப்பாய்களைச் சுற்றிக் குதிரையை வளைத்து வளைத்து ஓட்டுவார்கள், ஒரு பீப்பாய் விழுந்தால் நேரத்தோடு 5 விநாடி கூடிவிடும், அதில் என் பேத்தி தொண்டை கட்டும் அளவுக்குக் கத்தினாள். கடைசியில்தான் காளை.

வாடிவாசல் இருக்க வேண்டிய இடத்தில் அங்கே ஒரு ஆள் ஒரு காளை மட்டும் நிற்கும்படி இரும்புக் கூண்டு. அதற்குள்ளேயே காளை மேல் ஏறி உட்கார்ந்து, அதன் மார்பைச் சுற்றிக் கட்டிய கயிற்றை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தலையசைத்தால் கதவு திறக்கும். 8 விநாடி மேலேயே இருக்க வேண்டும், சும்மா இருக்கும் கை காளையின் மேல் பட்டுவிட்டால் அவ்வளவுதான், மதிப்பெண் கிடையாது. மொத்தம் 100 மதிப்பெண்ணில் பாதி காளைக்கு, அது எவ்வளவு துள்ளியது, எப்படித் திரும்பியது என்று பார்த்துப் போடுகிறார்கள். பிடிபடாத காளைக்குப் பரிசு கொடுக்கிற நம் ஆட்களுக்கு இந்தக் கணக்கு உடனே புரிந்துவிடும்.

நான் பார்த்தது அந்த 8 விநாடிக்கு அப்புறம் நடந்ததை. வீரன் மேலே இருக்கும்போதே களத்துக்குள் இரண்டு பேர் தயாராக நிற்கிறார்கள். புல்ஃபைட்டர் என்று அவர்களுக்குப் பெயர், ஆனால் காளையோடு அவர்களுக்குச் சண்டையே கிடையாது. வீரன் கீழே விழுந்த நொடியில் ஓடிப்போய் அவனுக்கும் காளைக்கும் நடுவில் புகுந்து, அதன் மூக்குக்கு நேராகக் கையை ஆட்டி, தன்னைத் துரத்த வைத்துச் சின்ன வட்டமாகச் சுற்றுகிறார்கள். காளை உடம்பு நீளம், அவ்வளவு சுருக்கமாக அதனால் திரும்ப முடியாது, மனிதன் திரும்பிவிடுவான், இதுதான் அவர்கள் வித்தை. அதற்குள் விழுந்தவன் எழுந்து வேலி ஏறிவிடுவான். குதிரை ஆட்டங்களில் இதே வேலைக்குக் குதிரைமேல் இரண்டு பேர், திமிருகிற குதிரையின் இரண்டு பக்கமும் அணைத்துக்கொண்டே வந்து வீரனைத் தங்கள் பக்கம் இழுத்துப் பத்திரமாக இறக்கிவிடுகிறார்கள்.

ஒரு பையன், இருபது வயதுக்குமேல் இருக்காது, விழும்போது அவன் கை கயிற்றில் சிக்கிக்கொண்டது. காளை சுற்றச் சுற்ற அவன் துணிபோல் அடிபடுகிறான். அந்த இரண்டு பேரில் ஒருவர் காளையின் தலைக்கு முன்னால் நிற்க, இன்னொருவர் பக்கவாட்டில் பாய்ந்து கயிற்றின் வால் முனையை இழுத்துக் கையை விடுவித்தார். பையன் தரையில் அசையாமல் கிடந்தான். காளையை வெளியே துரத்திக் கதவை அடைத்த பிறகுதான் மருத்துவ ஆட்கள் உள்ளே வந்தார்கள், அதுவும் வந்தவுடன் அவனைத் தூக்கவில்லை. ஒருவர் தலைமாட்டில் முழங்காலிட்டுத் தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டார், இன்னொருவர் விரலை அசைக்கச் சொல்லி, காலைத் தொட்டுத் தொட்டுக் கேட்டார், கழுத்துப் பட்டை மாட்டினார்கள், பிறகு ஆளைக் கிடத்தித் தூக்குகிற பலகை வந்தது. அவ்வளவு நேரமும் யாரும் வேலி தாண்டி உள்ளே ஓடவில்லை, அடுத்த கதவைத் திறக்கவுமில்லை. போகும்போது பையன் கையைத் தூக்கிக் காட்டினான். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, மகள் என்னம்மா என்றாள், என்னத்தைச் சொல்ல.

நம் ஊரில் வண்டிப் பந்தயத்திலோ மரத்திலிருந்தோ விழுந்தவனை எப்படிக் கொண்டுவருவார்கள் என்பது அவசர சிகிச்சைப் பிரிவில் நின்ற எல்லாருக்கும் தெரியும். இரண்டு பேர் கையைப் பிடித்து இரண்டு பேர் காலைப் பிடித்து, தலை தொங்கத் தொங்க ஆட்டோவில் திணித்து, மடியில் சாய்த்துத் தண்ணீர் கொடுத்துக் கொண்டுவருவார்கள். அன்பாகத்தான் செய்கிறார்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கழுத்தெலும்பு முறிந்தவனை அப்படித் தூக்கினால் முறிந்த எலும்பு நகர்ந்து உள்ளே இருக்கும் தண்டுவடத்தை நசுக்கிவிடும், நடந்திருக்க வேண்டியவன் கட்டிலிலேயே கிடப்பான். மயக்கத்தில் இருப்பவனுக்குக் கொடுக்கிற தண்ணீர் நுரையீரலுக்குப் போகும். அப்படி வந்த பையன்களின் அம்மாமார் வராந்தாவில் உட்கார்ந்திருந்த முகங்கள் எனக்கு மறக்கவில்லை.

இன்னொன்றும் கேளுங்கள். அங்கே காளை மேல் ஏறுகிறவனுக்குச் சம்பளமே கிடையாது. நுழைவுக் கட்டணத்தை அவன் கையிலிருந்து கட்டி, சொந்தச் செலவில் ஊர் ஊராக வண்டி ஓட்டிப் போகிறான், வென்றால் பரிசுப் பணம், விழுந்தால் வெறுங்கை. வருடம் முழுக்கச் சம்பாதித்த பரிசுப் பணத்தைக் கூட்டிப் பார்த்து, ஒவ்வொரு ஆட்டத்திலும் முதல் 15 பேர் மட்டும் டிசம்பரில் லாஸ் வேகஸ் இறுதிப் போட்டிக்குப் போகிறார்கள். பரிசு ரொம்பக் குறைவு என்று 1936-ல் பாஸ்டனில் வீரர்கள் ஆட மறுத்து வெளியேறிய வேலைநிறுத்தத்தில்தான் அவர்கள் சங்கமே பிறந்தது. ஆனால் களத்தில் நின்று காப்பாற்றுகிற அந்த ஆட்களுக்குப் பேசிய கூலி உண்டு, யார் வென்றாலும் தோற்றாலும். வீரனுக்கு உறுதியில்லாத பணம், காவலாக நிற்பவனுக்கு உறுதி. அப்படிக் கொடுப்பதால்தான் அதை ஒரு தொழிலாகப் பழகி வருகிற ஆட்கள் அங்கே இருக்கிறார்கள்.

அவர்களும் பட்டுத்தான் பல விஷயங்களைத் திருத்திக்கொண்டார்கள். 1989 ஜூலையில் வயோமிங் மாநிலம் ஷையென் நகரத்தில் லேன் ஃப்ராஸ்ட் என்ற பெரிய வீரர், 25 வயது, 8 விநாடியும் முடித்துக் கீழே இறங்கிய பிறகு காளை முட்டி விலா எலும்பு முறிந்து களத்திலேயே உயிர் போனது. அவருடைய நண்பர் கோடி லாம்பர்ட் அதற்குப் பிறகு மார்பைக் காக்கும் கவச உடுப்பு ஒன்றை உருவாக்கினார். நான் பார்த்த அத்தனை காளை வீரர்களும் அந்த மாதிரி உடுப்போடுதான் ஏறினார்கள், பாதிப் பேர் முகத்துக்குக் கம்பி வைத்த ஹெல்மெட்டும் போட்டிருந்தார்கள். செம்மறி ஆட்டின் மேல் சின்னப் பிள்ளைகளை ஏற்றி விளையாட்டு காட்டினார்கள், அந்தப் பிஞ்சுகளுக்கும் ஹெல்மெட், உடுப்பு. மார்த்தாண்டம் மேம்பாலத்தில் பிள்ளையை பெட்ரோல் டேங்க் மேல் உட்காரவைத்து வெறுந்தலையோடு கொண்டுபோகிற தகப்பன்மாரை நினைத்துக்கொண்டேன்.

எல்லாமே எனக்குப் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். கன்றுக்குட்டியை ஓடவிட்டுக் கழுத்தில் கயிறு வீசி, கீழே தள்ளி மூன்று கால்களைச் சேர்த்துக் கட்டுகிற ஆட்டத்தில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கட்டியது 6 விநாடி அவிழாமல் இருக்க வேண்டுமாம். அந்த நாட்டிலேயே விலங்கு நேயர்கள் இதைக் கடுமையாக எதிர்க்கிறார்கள், பிரிட்டனில் 1934-லேயே சட்டம் போட்டு இந்த மாதிரி ஆட்டங்களைத் தடுத்துவிட்டார்கள், அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. மாட்டுக்கு வாய் இல்லை, களத்துக்கு வரவா என்று அதை யாரும் கேட்கவில்லை. சங்கம் நடத்துகிற போட்டிகளில் கால்நடை மருத்துவர் இருந்தே ஆக வேண்டும் என்று விதி வைத்திருப்பதை மட்டும் நல்லது என்று சொல்வேன்.

நம் பக்கம் ஒன்றுமே இல்லை என்பதும் சரியில்லை. ஜல்லிக்கட்டை அனுமதித்த 2017 சட்டத்தின்படி நடக்கிற அலங்காநல்லூர், பாலமேடு, அவனியாபுரம் போட்டிகளில் வேலி, மருத்துவக் குழு, ஆம்புலன்ஸ், காளைக்கும் வீரருக்கும் பரிசோதனை எல்லாம் இருக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2023 மே மாதம் அந்தச் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. விளையாட்டு நடக்கத்தான் போகிறது என்று ஆன பிறகு, அடுத்த படி என்ன என்று யோசிக்க வேண்டாமா? விழுந்தவனிடமிருந்து காளையை விலக்குவதற்கென்றே பழகிய, மாடு பிடிக்காத, பரிசுக்கு ஆசைப்படாத நான்கு பேர் களத்துக்குள் வேண்டும். இப்போது அந்த வேலையைப் பக்கத்தில் நிற்கிற மாடுபிடி வீரர்களே ஓடிப்போய்ச் செய்கிறார்கள். சிவகங்கைப் பக்கத்து மஞ்சுவிரட்டில் மாட்டைத் திறந்த வெளியில் அவிழ்த்துவிடுகிறார்கள், வேடிக்கை பார்க்கப் போனவன் குத்துப்பட்டுச் சாகிறான்.

இங்கே நம் மாவட்டத்துக்கு வருகிறேன். நவராத்திரிக்கு பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி அம்மன் யானை மேல் திருவனந்தபுரம் புறப்படுகிற நாளில் தக்கலை, குழித்துறை வழி நெடுகக் கூட்டம். செல்போனை நீட்டிக்கொண்டு யானையின் துதிக்கை எட்டுகிற தூரத்தில் பிள்ளைகளோடு நிற்கிறார்கள். போலீஸ் நிற்கிறது, மரியாதை எல்லாம் உண்டு, ஆனால் அந்த யானை ஒரு நொடி மிரண்டால் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தவர் பாகன் மட்டும்தான். இன்றுவரை நல்லபடியாகப் போய்வருகிறது என்றால் அதில் அவருடைய சாமர்த்தியம் பெரிது.

நான் கேட்பது பெரிய செலவு இல்லை. மைக் செட்டுக்கும் வாணவேடிக்கைக்கும் ஒதுக்குகிற பணத்தில் ஒரு சின்னப் பங்கு போதும். திருவிழாக் கமிட்டியோ பந்தயக் கமிட்டியோ, கோவில் ஆனாலும் சர்ச் ஆனாலும் இளைஞர் மன்றம் ஆனாலும், உங்கள் பையன்களில் ஆறேழு பேரைத் தேர்ந்தெடுத்து முறையாகப் பழக்குங்கள். அவர்கள் அன்றைக்கு வேடிக்கை பார்க்கக் கூடாது, குடித்திருக்கக் கூடாது, தனி நிறத்தில் சட்டை, கையில் கூலி. பலகையும் கழுத்துப் பட்டையும் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆம்புலன்ஸ் வந்து நிற்காமல் கொடி அசைக்கக் கூடாது, வந்த ஆம்புலன்ஸ் ஒரு ஆளை ஏற்றிக்கொண்டு போய்விட்டால் அடுத்தது வரும்வரை ஆட்டத்தை நிறுத்த வேண்டும். அனுமதி கொடுக்கிற அதிகாரிகளும் இதைத் தாளில் மட்டும் பார்க்காமல் களத்தில் வந்து பார்க்க வேண்டும்.

கழுத்தை அசைக்காமல் ஒரு ஆளைப் பலகைக்கு மாற்றுவதற்கு ஒரு மதியம் சொல்லிக்கொடுத்தால் போதும், பையன்கள் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் எந்தக் கமிட்டி கேட்டாலும் நானும், என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற செவிலியர்கள் சிலரும் வந்து சொல்லித்தரத் தயாராக இருக்கிறோம். பணம் வேண்டாம், பலகையை மட்டும் வாங்கி வையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர்,
மார்த்தாண்டம், கன்னியாகுமரி மாவட்டம்