பூட்டிக் கிடக்கும் வீடுகள் பற்றி மாப்பிள்ளைக்கு

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், மனசுக்கு நிம்மதி. மாடி ஏறுவதை மட்டும் இன்னும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம் என்று சொல். இங்கே ஜப்பானில் எல்லோரும் நலம். மூத்தவள் படிப்பு முடித்து ஒசாகாவில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். சின்னவனுக்கு இது நுழைவுத் தேர்வு வருஷம், அதனால் வீட்டில் டிவி போடுவதே இல்லை.

ஐப்பசி மழையில் உங்கள் பெரிய வீட்டின் பக்கச் சுவர் சரிந்ததைப் படித்தபோது பகீர் என்றது. அந்தச் சந்து வழியாகத்தானே பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் போகிறார்கள். நடு ராத்திரியில் விழுந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நகராட்சிக்காரர்கள் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போய்விட்டார்கள், பங்காளிகளில் பாதிப் பேர் வெளிநாட்டில் இருக்கிறார்கள், போன் போட்டால் எடுப்பதில்லை, வருஷா வருஷம் வரி கட்டுவது நான் ஒருத்தன்தான் என்று நொந்துபோய் எழுதியிருந்தாய். "உங்கள் ஊரில் இப்படி ஒரு வீடு கிடந்தால் என்ன செய்வார்கள்?" என்ற உன் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதுகிறேன். எங்கள் பக்கத்து வீடே அப்படித்தான் பல வருஷம் கிடந்தது.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் வீடு இலவசமாகக் கிடைக்கிறதாமே என்று கேட்டிருந்தாய். அப்படிச் சில இடங்களில் கொடுக்கிறார்கள், உண்மைதான். ஆனால் அவை பெரும்பாலும் மலையோரச் சிற்றூர்களில் இருப்பவை. கூரை ஒழுகும், தரை உளுத்திருக்கும், பஸ் வசதி குறைவு. வீட்டின் விலையைவிட அதைக் குடியிருக்கும்படி சரிசெய்யும் செலவுதான் பெரிது. அந்த வீடியோக்களை நம்பி யாரும் பெட்டி கட்ட வேண்டாம்.

2023இல் எடுத்த கணக்கெடுப்பில் நாடு முழுக்கச் சுமார் 90 லட்சம் வீடுகள் காலி என்று வந்தது. மொத்த வீடுகளில் 13.8 சதவீதம். முப்பது வருஷத்தில் இரண்டு மடங்காகிவிட்டது. வாடகைக்கு ஆள் தேடுவது, விற்பனைக்கு நிற்பது எல்லாவற்றையும் கழித்துவிட்டாலும், எந்த உபயோகமும் இல்லாமல் சும்மா கிடப்பவை மட்டும் 38 லட்சத்துக்கு மேல். ஜனத்தொகை குறைகிறது, பிள்ளைகள் பெரிய நகரங்களுக்குப் போய்விடுகிறார்கள், இதெல்லாம் உனக்குச் சொல்லத் தேவையில்லை. நம் ஊரிலும் அதே கதைதான்.

ஆனால் இங்கே வீடுகள் இப்படி நின்றதற்கு வரியும் ஒரு பெரிய காரணம். வீட்டுத் தட்டுப்பாடு இருந்த 1970களில், மனையில் வீடு இருந்தால் நில வரியில் சலுகை என்று சட்டம் கொண்டுவந்தார்கள். இப்போதைய விதிப்படி, வீடு நிற்கும் மனையில் முதல் 200 சதுர மீட்டருக்கு, வரி போடுவதற்கான மதிப்பை ஆறில் ஒரு பங்காகக் குறைத்துவிடுவார்கள். வீட்டை இடித்தால் அந்தச் சலுகை போய்விடும். இடிப்பதற்கும் கைக்காசு போட வேண்டும். சாதாரண மரவீட்டை இடிக்கவே பத்து லட்சம் யென்னுக்கு மேல் ஆகும். அப்புறம் யார் இடிப்பார்கள்? ஆள் இல்லாத வீடு, கூரை சரிந்த வீடு எல்லாம் சலுகையை வாங்கிக்கொண்டு நின்றுகொண்டே இருந்தன. குடியிருப்பவனுக்கு உதவப் போட்ட விதி, கைவிட்டவனுக்கும் சேர்த்து உதவியது. இதை மாற்ற 2015 வரை ஆயிற்று என்பதை இன்றைக்கும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

முதலில் விழித்துக்கொண்டவை உள்ளூர் நிர்வாகங்கள்தான். எங்கள் சைதாமா மாகாணத்தில் இருக்கும் தொகொரொசாவா நகராட்சி 2010இல் காலி வீடுகளுக்கென்றே ஒரு விதி போட்டது. அதைப் பார்த்து மற்ற ஊர்களும் போட்டன. 2014 வாக்கில் சுமார் 400 உள்ளாட்சிகள் அப்படி விதி வைத்திருந்தன. ஆனால் எல்லோருக்கும் ஒரே இடத்தில் முட்டியது. வீட்டின் சொந்தக்காரர் யார், எங்கே இருக்கிறார் என்று தெரியாது. வேடிக்கை என்று இதைச் சொல்ல மனம் வரவில்லை, மாப்ளே: அதே நகராட்சியின் வரிப் பிரிவுக்கு, அந்த வீட்டுக்கு வரி கட்டுகிறவரின் பெயரும் முகவரியும் தெரியும். ஆனால் வரித் தகவல் ரகசியம், பக்கத்து மேசைக்கும் கொடுக்கக் கூடாது. 2014 நவம்பரில் நிறைவேறி 2015 மே மாதம் முழுமையாக அமலுக்கு வந்த தேசியச் சட்டம் அந்தத் தடையை நீக்கியது. காலி வீட்டின் சொந்தக்காரரைத் தேட வரிப் பதிவேட்டைப் பார்க்கலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். அதிகாரம் எவ்வளவு கொடுத்தாலும், யாரிடம் பேசுவது என்று தெரியாவிட்டால் நோட்டீஸைக் கதவில் ஒட்டிவிட்டுப் போவதைத் தவிர வழியில்லை. உங்கள் வீட்டு வாசலில் நடந்ததும் அதுதானே.

அதற்குப் பிறகு நடவடிக்கை படிப்படியாகப் போகும். முதலில் வீட்டைச் சரிசெய்யுங்கள் என்று எடுத்துச் சொல்வார்கள். கேட்காவிட்டால் பரிந்துரை, அந்தக் கட்டத்திலேயே வரிச் சலுகை பறிபோகும். அடுத்து உத்தரவு, மீறினால் 5 லட்சம் யென் வரை அபராதம். அதற்கும் மசியாவிட்டால் நகராட்சியே இடித்துவிட்டுச் செலவைச் சொந்தக்காரர் தலையில் கட்டும். சொந்தக்காரர் யாரென்றே தெரியாத வீட்டையும் இடிக்கலாம். 2015 அக்டோபரில் யோகோசுகா நகரில் அப்படி ஒரு வீட்டை இடித்தார்கள். ஆனால் அப்படி இடிக்கும் வீட்டின் செலவு ஊர்ப்பணத்திலிருந்துதான் போக வேண்டியிருக்கும்.

முதலில் இந்த நடவடிக்கையெல்லாம் விழப்போகிற நிலையில் உள்ள வீட்டுக்குத்தான். வீடு அந்த நிலைக்கு வரும்வரை காத்திருப்பானேன் என்று ஊர் ஊராகக் கேட்டார்கள். 2023 டிசம்பரிலிருந்து சட்டம் மாறிவிட்டது. ஜன்னல் உடைந்து, புதர் மண்டி, இப்படியே விட்டால் ஆபத்தாகிவிடும் என்ற கட்டத்திலேயே சொல்லிப் பார்க்கலாம். கேட்காவிட்டால் சலுகையை எடுத்துவிடலாம். சரியான மாற்றம் என்றே நினைக்கிறேன். சுவர் விழுந்த பிறகு வரும் நோட்டீஸால் யாருக்கு என்ன பயன்?

சரி, எங்கள் பக்கத்து வீட்டுக்கு வருகிறேன். அங்கே ஒரு வயதான அம்மா தனியாக இருந்தார். அவர் போன பிறகு வீட்டைப் பூட்டினார்கள். விளம்பரத் தாள் விழாமலிருக்கத் தபால் பெட்டியின் வாயை டேப் போட்டு ஒட்டினார்கள். அந்த டேப் வெயிலில் மஞ்சளாகி, உரிந்து, தொங்கியது. அடுத்த கோடையில் குட்ஸு என்னும் கொடி சுவர் ஏறி ஏசி பெட்டியை மூடிவிட்டது. இலையுதிர் காலத்தில் காக்கி என்னும் பெர்சிமன் மரத்துப் பழமெல்லாம் எங்கள் பக்கம் விழுந்து அழுகும், குளவி மொய்க்கும். ராத்திரியில் மரநாய் மாதிரி ஏதோ ஒன்று பரணில் ஓடும் சத்தம். புயல் வருகிறது என்றால் எனக்கு அந்த வீட்டுக் கூரை ஓடுகள் மேல்தான் கண் இருக்கும்.

தெருச் சங்கம் மூலமாக நகராட்சிக்குச் சொன்னோம். இரண்டு பேர் வந்தார்கள். தண்ணீர் மீட்டர் மூடியைத் திறந்து ஓடுகிறதா என்று பார்த்தார்கள், கூரையையும் தாழ்வாரத்தையும் வெளியிலிருந்தே படம் எடுத்தார்கள், எங்கள் வீட்டிலும் எதிர்வீட்டிலும் விசாரித்தார்கள். அப்புறம் மகனைக் கண்டுபிடித்து, எடுத்த படங்களையும் வைத்துக் கடிதம் அனுப்பினார்களாம். அவரே ஒரு நாள் வந்து எங்களிடம் சொன்னது இது. நல்ல மனிதர். அம்மாவின் துணிமணி, பாத்திரம், எல்லாவற்றுக்கும் மேலாக முன்னோரை வைத்துக் கும்பிடும் பூசைப் பெட்டி, இதையெல்லாம் என்ன செய்வதென்று தெரியாமல்தான் தள்ளிப்போட்டதாகச் சொல்லிக் கண் கலங்கினார். அவர் பயந்தது அபராதத்துக்கு அல்ல. நகராட்சிக்காரர் அவரை உட்கார வைத்து, பூசைப் பெட்டியை எடுக்கப் புத்த குருவை அழைத்துச் சடங்கு செய்யலாம், இடிப்பதற்கு நகராட்சி கொஞ்சம் மானியம் தரும், 1981 மே மாத இறுதிக்குள் கட்டிய வீடு என்பதால், அம்மா காலமான வருஷத்துக்கு அடுத்த மூன்றாவது வருஷ முடிவுக்குள் இடித்து விற்றால் 3 கோடி யென் வரை லாபத்துக்கு வரி கிடையாது என்று ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு மளமளவென்று வேலை நடந்தது. இப்போது அங்கே ஒரு இளம் தம்பதி புது வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

கிளை விஷயம் ஒன்றும் சொல்ல வேண்டும். பக்கத்து மனை மரத்தின் வேர் நம் பக்கம் வந்தால் வெட்டலாம், கிளை வந்தால் வெட்டக் கூடாது, சொந்தக்காரர்தான் வெட்ட வேண்டும் என்பது இங்கே வெகுகாலச் சட்டம். ஆளே இல்லாத வீட்டில் யாரைப் போய் வெட்டச் சொல்வது? 2023 ஏப்ரலில் அதையும் திருத்தினார்கள். சொல்லியும் நியாயமான காலத்துக்குள் வெட்டாவிட்டாலோ, சொந்தக்காரர் யாரென்றே தெரியாவிட்டாலோ நாமே வெட்டிக்கொள்ளலாம். சின்ன விஷயம்தான், ஆனால் அண்டை வீட்டுக்காரனுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எனக்குத் தெரியும்.

கியோட்டோ நகராட்சி இன்னும் ஒரு படி மேலே போய், காலி வீட்டுக்கே தனி வரி போட முடிவெடுத்து 2023இல் மத்திய அரசின் ஒப்புதலும் வாங்கியது. அதில் மரபுச் சிறப்புள்ள பழைய மரவீடுகளுக்கு விலக்கு வைத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டை நினைத்துக்கொண்டேன். எல்லாப் பழைய வீட்டையும் இடி என்று நெருக்கினால், நம் பக்கத்தில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். தேக்குத் தூணும் நிலையும் பழம்பொருள் கடைக்குப் போய்விடும், மிச்சம் பொட்டல்.

இனி உன் விஷயம். இங்கே எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த சிக்கல் வாரிசுப் பதிவுதான். தாத்தா பெயரிலேயே பத்திரம் இருக்கும், அவருக்குப் பிள்ளைகள், அவர்களுக்குப் பிள்ளைகள் என்று தலைமுறை மாற மாறக் கையெழுத்துப் போட வேண்டியவர்கள் பெருகிக்கொண்டே போவார்கள். உரியவரைக் கண்டுபிடிக்க முடியாத நிலம் கியூஷூ தீவைவிடப் பெரிது என்று 2017இல் ஒரு ஆய்வுக்குழு மதிப்பிட்டது. அதனால் 2024 ஏப்ரல் 1 முதல், சொத்து வந்தது தெரிந்த நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள் பெயர் மாற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் ஒரு லட்சம் யென் வரை அபராதம் என்று ஆக்கிவிட்டார்கள். பழைய சொத்துக்கும் இது பொருந்தும்.

நம் ஊரில் அப்படிக் கட்டாயம் வரும்வரை நீ காத்திருக்காதே. இடிந்து விழும் கட்டிடத்தைச் சரிசெய்யச் சொல்லவும், இடிக்கச் சொல்லவும் நகராட்சிக்கு அதிகாரம் இருக்கிறது. உன்னை ஒருத்தனைத்தான் அவர்களுக்குத் தெரியும் என்பதால் எல்லாம் உன் மேல்தான் வரும். அதனால் முதல் வேலையாக அந்தச் சந்துப் பக்கம் தகரம் வைத்து மறைத்து, எஞ்சிய சுவருக்கு முட்டுக் கொடு. செய்ததைப் படம் எடுத்து, நோட்டீஸுக்குப் பதிலாக எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கி வைத்துக்கொள். பங்காளிகள் எல்லோருடைய பெயரையும் முகவரியையும் அந்தப் பதிலிலேயே எழுதிவிடு. இதில் கூச்சப்படாதே. அவர்கள் பொறுப்பை அவர்களுக்குக் காட்டுவது தப்பில்லை.

அடுத்தது காகிதம். ஒவ்வொரு கிளைக்கும் வாரிசுச் சான்றிதழ் வாங்க வேண்டியிருக்கும். வெளிநாட்டில் இருப்பவர்கள் வர வேண்டியதில்லை, அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டுப் பவர் பத்திரம் அனுப்பலாம். அது ஊருக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும், அதை மட்டும் மறந்துவிடாதே. குடும்பத்துக்குள் பாகப்பிரிவினைக்குத் தீர்வையில் சலுகையும் உண்டு. விற்பதா, ஒருவர் மற்றவர் பங்கை வாங்கிக்கொள்வதா, வீட்டைச் சரிசெய்து நாலு பேருக்குப் பயன்படும்படி விடுவதா என்பதெல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம். முதலில் யார் யாருக்கு எவ்வளவு என்பது எழுத்தில் வரட்டும்.

பெரிய ஆச்சிக்கு எந்தக் கிளை எந்த ஊரில் இருக்கிறது என்று எல்லாம் தெரியும். அவரை உட்கார வைத்து வம்சாவளியை எழுதி வாங்கிவிடு. போனில் பதிவும் செய்துகொள். மலேசியாவில் இருக்கும் உன் பெரியப்பா மகன் போனை எடுக்காவிட்டால் எனக்கு எண்ணை அனுப்பு, நான் பேசிப் பார்க்கிறேன். சின்ன வயசில் என்னோடு நன்றாகப் பழகியவர்தான். பொங்கலுக்கு நான் ஊருக்கு வருகிறேன். அதற்குள் வில்லங்கச் சான்றிதழ் போட்டு வைத்தால், இரண்டு பேரும் சேர்ந்தே போய்ப் பத்திர எழுத்தரைப் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
உன் மச்சான்