அக்குளுக்குள் ஓடும் ஒரு நரம்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதத்தையொட்டி நீங்கள் வெளியிட்ட ஞாயிறு சிறப்புப் பக்கத்தை வரி விடாமல் படித்தேன். சுயபரிசோதனை, மேமோகிராம், உணவு எல்லாம் இருந்தன. அறுவைக்குப் பிறகும் விடாத வலியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

எனக்கு இடது மார்பை எடுத்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அக்குளிலிருந்த நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து எடுத்தார்கள். தையல் ஆறியும் மேற்கையின் உட்புறம் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிந்தது. தொட்டால் மரத்திருக்கும், ரவிக்கைத் தையல் உரசினாலோ சுரீரென்று இழுக்கும். கொடியில் துணி காயப்போட முடியவில்லை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுத்தவள், இப்போது குடத்தை மகளிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் படியேறுகிறேன்.

பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் சொன்னேன். "ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது, மனத்தைத் திடமாக வைத்துக்கொள்ளுங்கள் அம்மா" என்பார்கள். நோய் திரும்பிவிட்டதோ என்று நான் விழித்துக் கிடந்த இரவுகள் எந்த ஸ்கேனில் தெரியும்? பக்கத்து வீட்டு அக்கா கண்ணேறு என்று உப்பைச் சுற்றிப் போட்டார். அவராவது வலிக்கிறது என்பதை நம்பினார்.

கடைசியில் பிசியோதெரபி கொடுத்த ஒரு பெண்தான் காகிதத்தில் வரைந்து காட்டினார். விலா எலும்புகளுக்கு நடுவிலிருந்து கிளம்பும் ஒரு நரம்பு, அக்குளைக் கடந்து மேற்கையின் உட்புறத் தோலுக்கு வருகிறது. முடிச்சுகளை எடுக்கும்போது அது அறுபடலாம், இழுபடலாம். அடிபட்ட நரம்பு, புண் ஆறிய பிறகும் வலிக்கிறது வலிக்கிறது என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்குமாம். இளவயதினர், கதிர்வீச்சு பெற்றவர்கள், அறுவை முடிந்த முதல் நாட்களிலேயே கடுமையாக வலித்தவர்கள் ஆகியோருக்கு இது நீடிக்கும் வாய்ப்பு அதிகம். எனக்கு அந்த நாட்களில் உயிர் போகிற வலி. தாதியை அடிக்கடி கூப்பிடக் கூச்சப்பட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

டென்மார்க்கில் நடத்தி 2009-இல் வெளியிட்ட ஓர் ஆய்வை மகள் தேடிப் படித்துக் காட்டினாள். அறுவை முடிந்து இரண்டு, மூன்று ஆண்டுகளான பெண்களில் 47 விழுக்காட்டினருக்கு வலி இருந்திருக்கிறது. வலி இருந்தவர்களில் 13 விழுக்காட்டினருக்குக் கடுமையான வலி. கேட்டதும் அழுதுவிட்டேன். என் மனம் கெட்டுப்போகவில்லை என்ற நிம்மதி.

நரம்பு வலிக்கான மாத்திரையும் தோள் பயிற்சியும் தொடங்கிய பிறகு எரிச்சல் பாதியாகக் குறைந்திருக்கிறது. சுவரில் விரல்களால் ஏறினால் நாட்காட்டியிலுள்ள முருகன் பாதம் வரை எட்டுகிறது.

அடுத்த அக்டோபரில் இதற்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். படம் வேண்டுமென்றால், அந்தக் காகிதம் இன்னும் என் கைப்பையில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
ஜெலுத்தோங், பினாங்கு