படிக்கட்டில் உட்கார்ந்திருந்த பையன்: பாஸ்டரேட் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான ஆயர் ஐயா அவர்களுக்கும், சபையை நிர்வகிக்கும் கமிட்டி அங்கத்தினர்களுக்கும் ஸ்தோத்திரம்.

14 வருஷமாக ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கிறவள் நான். எதைப் பற்றி எழுதுகிறேன் என்று உங்களுக்கே தெரியும். நம் பிள்ளைகள் பேசுவதைக் கேட்க ஆளுக்கொரு பெரியவர் வேண்டும் என்று இரண்டு முறை கடிதம் கொடுத்தேன். "அடுத்த மீட்டிங்ல பாக்கலாம்மா" என்றீர்கள். அந்த அடுத்த மீட்டிங் நடந்த ஞாயிறைப் பற்றித்தான் இந்த மடல்.

போன வருஷம் திடப்படுத்தல் எடுத்து, தன் வாயாலேயே விசுவாசத்தை அறிக்கையிட்டுச் சபையில் முழு அங்கத்தினனான பையன். சின்ன வயதிலிருந்து அவனைக் கைப்பிடித்து ஆலயத்துக்குக் கூட்டி வந்த பாட்டி இறந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. பெரியவர்கள் யாரிடமாவது ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று கமிட்டி அறைக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறான். உள்ளே பார்க்கிங் டெண்டர். சத்தம் கேட் வரைக்கும் கேட்டது. ஒருவர் வெளியே வந்தாராம். இவன் எழுந்து நின்றிருக்கிறான். "தம்பி, 12 டீ சொல்லிட்டு வா." வாங்கி வந்து கொடுத்திருக்கிறான். ஒன்றரை மணி வரை இருந்துவிட்டுப் போனவன், அப்புறம் ஆலயப் பக்கமே வரவில்லை.

அன்றைக்கு நானும் அவனைப் பார்த்தேன். யாருக்கோ காத்திருக்கிறான் என்று நினைத்து பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். அந்தத் தப்பு என்னுடையது. போன வாரம் மாம்பலம் ஸ்டேஷனில் பார்த்தபோதுதான் என்ன கேள்வி என்று கேட்டேன். "அவ்ளோ ஜெபம் பண்ணியும் பாட்டி ஏன் டீச்சர் போய்ட்டாங்கன்னு கேக்கணும்னு இருந்தேன். இப்ப பரவால்ல" என்றான். அந்தப் 'பரவால்ல' இன்னும் என்னைத் தூங்கவிடவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். திடப்படுத்தல் எடுக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சபையில் ஒரு பெரியவரைப் பேர் சொல்லி நியமியுங்கள். ஒரு வருஷம், வாரம் அரைமணி நேரம். தனியாக எங்கும் கூப்பிட வேண்டாம். பெற்றோருக்குத் தெரிந்து, எல்லார் கண்ணுக்கும் படும்படி, வளாகத்து வேப்பமரத்தடியில் உட்காரட்டும். பதில் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, காது கொடுத்தால் போதும்.

வேதநாயகம் சாஸ்திரியார் கீர்த்தனைகளை நாம் எவ்வளவு உருகிப் பாடுகிறோம்! நெல்லைச் சீமையிலிருந்து பன்னிரண்டு வயதுப் பையனாக அவரைத் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போய்ப் பக்கத்தில் வைத்து வளர்த்தவர் ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர். அந்த ஐயருக்கு நம் சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் புனித மரியாள் ஆலயத்தில் நினைவுச்சின்னம் இருக்கிறது. நம் ஆலயத்திலும் கல்வெட்டுக்குக் குறைச்சல் இல்லை. ஃபேன் கொடுத்தவர், பெயின்ட் அடித்துக் கொடுத்தவர், எல்லார் பேரும் சுவரில் இருக்கிறது. பிள்ளைகளும் நமக்கு வேண்டும்தான்: எல்இடி திரையில் வசனம் ஓட்ட, அசன விருந்தில் பந்தி பரிமாற, கேரல் ரவுண்ட்ஸில் பை தூக்க. அப்புறம், "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு பக்தியே இல்லை" என்று பிரசங்கம் கேட்க.

வார்த்தை கொஞ்சம் மிஞ்சிவிட்டது, மன்னியுங்கள். ஆயர் ஐயா ஒருவரே மூன்று ஆலயங்களுக்கு ஓடுகிறார் என்பது தெரியும். அதனால்தான் கமிட்டியிடம் கேட்கிறேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெரியவர், அவ்வளவுதான். இந்த வருஷம் வகுப்பில் 11 பேர். நீங்கள் 12 பேர். படிக்கட்டில் இருந்தவனையும் சேர்த்தால் கணக்கு சரியாக வருகிறது.

அடுத்த மீட்டிங்கில் பார்க்கிங்குக்கு முன்னால் இதை எடுத்துக்கொள்ளும்படி தாழ்மையாகக் கேட்டுக்கொள்கிறேன். டீ நான் வாங்கி வருகிறேன்.

இப்படிக்கு,
ஞாயிறு பள்ளி ஆசிரியை ஒருத்தி
சென்னை