கணினிப் பாடத்தை எங்கே தொடங்குவது?

ஆசிரியருக்கு,

புதிதாகக் கணினி கற்க வருகிறவர்களுக்குப் பாடம் எடுக்கிறவன் நான். முதல் நாளே ‘கணினியின் தந்தை’ எனப்படும் பாபேஜில் ஆரம்பித்து, ஐந்து தலைமுறைக் கணினிகளை ஒப்பிக்க வைப்பது எனக்கு உடன்பாடில்லை. அதற்குப் பதில், ஒரு கோப்பைத் திறந்தால் என்ன நடக்கிறது என்பதில் தொடங்கலாம். கோப்பைத் திறந்ததும் வட்டிலிருந்து ஒரு நகல் ரேமுக்கு, அதாவது மின்சாரம் இருக்கும்வரை மட்டுமே தகவலை வைத்திருக்கும் தற்காலிக நினைவகத்துக்கு, வருகிறது. திருத்தம் அந்த நகலில்தான் நடக்கிறது. சேமித்தால்தான் அது வட்டுக்குப் போகும். அதற்குள் மின்சாரம் நின்றால் திருத்தியது போனதுதான். (தானாகவே சேமிக்கும் மென்பொருள்கள் வந்துவிட்டதால் இது இப்போது அவ்வளவாகக் கண்ணில் படுவதில்லை.) இதைக் கேட்ட மாணவி ஒருத்தி, பாதிக் கட்டுரையில் மின்கம்பியைப் பிடுங்கிச் சோதித்தே பார்த்துவிட்டாள். எனக்குப் பகீரென்றது, ஆனால் வகுப்பு முழுவதற்கும் விஷயம் புரிந்துவிட்டது.

இணையத்திலும் இதே கதைதான். வைஃபை குறி தெரிந்தால் இணையம் இருக்கிறதென்று நம்புகிறார்கள். அந்தக் குறி, வீட்டுக்குள் இணைப்பைப் பகிரும் கருவியான ரவுட்டர் வரையிலான இணைப்பை மட்டுமே காட்டும். இணையப் பக்கங்களைத் திறக்கும் உலாவியும் இணையமும் ஒன்றல்ல. மின்னஞ்சல் 1971-லேயே வலைப்பின்னலில் கணினிவிட்டுக் கணினி சென்றது. உலாவியில் நாம் பார்க்கும் பக்கங்களின் வலையை (World Wide Web) டிம் பெர்னர்ஸ்-லீ முன்மொழிந்தது 1989-இல்தான். உலாவியே இணையம் என்று நினைப்பவர்களிடம் இந்த இரண்டு ஆண்டுகளைச் சொன்னாலே போதும்.

பாடத்திட்டம் வகுப்பவர்கள் தேர்வில் சுருக்கப்பெயர்களுக்கு முழுப்பெயர் கேட்கும் ‘விரிவாக்கம் தருக’ கேள்விகளைக் குறைத்து, கோப்பைச் சேமித்துத் தேடி எடுக்கும் செய்முறைக்கு மதிப்பெண் ஒதுக்கட்டும்.

– ஒரு கணினி ஆசிரியர்