முப்பது என்றால் எந்த முப்பது?

அன்புள்ள கௌரி,

தீபாவளிக்கு நீ அனுப்பிய செய்திக்குப் பொங்கல் முடிந்துதான் பதில் எழுதுகிறேன், திட்டுவதை நேரில் வைத்துக்கொள். அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. பையன் ஒன்பதாவது, வாய்தான் அதிகம். லேப் ரெக்கார்டு பத்மாவைப் போன வாரம் பார்த்தேன், இன்னும் அதே சிரிப்பு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் ஒரு ராத்திரித் தூக்கம் ஒரே ஒரு சொல்லால் போனது. வேறொருவர் எழுதிய நிரல் தொகுப்பான ஒரு லைப்ரரியை நாங்கள் பயன்படுத்துகிறோம். அதன் ஆவணத்தில் டைம்அவுட்டை, அதாவது பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதை, விநாடியில் கொடுக்கச் சொல்லியிருந்தது, நானும் நல்ல பிள்ளையாக 30 என்று போட்டேன். நிரலோ அதை மில்லிவிநாடியாக எடுத்துக்கொண்டது. சோதிக்கும்போது சர்வர் பக்கத்திலேயே இருந்ததால் எல்லாம் சரியாக ஓடியது, வெளியூர் வாடிக்கையாளரிடம் போனதும் ஒரு இணைப்பும் நிற்கவில்லை. நெட்வொர்க் பார்க்கிறவரை எழுப்பி, ஃபயர்வாலைத் திட்டி, கடைசியில் இரண்டரை மணிக்கு சோர்ஸ் கோடைத் திறந்து பார்த்தால்தான் தெரிகிறது. அந்த மனிதரிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

இதுகூடப் போகட்டும். லைப்ரரியை எழுதியவருக்கு மெயில் போட்டேன். மறுநாளே பணிவாகப் பதில்: இரண்டு வருடம் முன்பே ஒருவர் சொல்லிவிட்டார், புதிய பதிப்பின் ஆவணத்தில் திருத்தியாகிவிட்டது என்று. நாங்கள் இருப்பது பழைய பதிப்பில்! எனக்கு முன்னால் யாரோ ஒருத்தர் இதே ராத்திரியைத் தொலைத்து, அதை எழுதியும் கொடுத்து, அது ஒருவருடைய இன்பாக்ஸுக்குள் கிடந்திருக்கிறது. வெளியே இருந்திருந்தால் தேடியவுடன் கிடைத்திருக்கும்.

உடனே உன் ஞாபகம்தான் வந்தது. உங்கள் ப்ராஜெக்டிலும் ஆவணத்தில் பிழை இருந்தால் உனக்கு மெயில் போடச் சொல்லித்தானே வைத்திருக்கிறாய்? நீ ஒழுங்காகத் திருத்துவாய், தெரியும். ஆனால் படித்துவிட்டுப் போனவர், அதைத் தன் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டவர், திரும்பி வந்து உன் பக்கத்தைப் பார்க்கவா போகிறார்? வந்த பிழைகளை எல்லாரும் பார்க்கும்படி ஒரு பட்டியலாக வெளியே போடேன்.

இணையத்தின் நெறிமுறைகளை ஆர்எஃப்சி என்ற ஆவணங்களாக வெளியிடுகிறார்களே, அந்த ஆர்எஃப்சிக்காரர்களைப் பாரேன். வெளியிட்ட ஆர்எஃப்சியில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற மாட்டார்கள், பிழைகளைத் தனிப்பட்டியலாக எல்லாரும் பார்க்கப் போட்டுவிடுவார்கள். எனக்குப் பிடித்தது என்னவென்றால், ஏற்காமல் தள்ளிய புகாரும் நிராகரிக்கப்பட்டது என்ற முத்திரையோடு அங்கேயே இருக்கும். ஒருத்தர் தப்பாகப் புரிந்துகொண்டதைத்தானே அடுத்தவரும் தப்பாகப் புரிந்துகொள்வார். லினக்ஸ் இயங்குதளமான டெபியன் 1997லேயே பிரச்சினைகளை மறைக்க மாட்டோம் என்று சமூக ஒப்பந்தத்தில் எழுதிக்கொடுத்துவிட்டது. கணினி அறிஞர் க்னூத் தன் புத்தகத்தில் பிழை கண்டுபிடித்தவர்களுக்கு 2008 வரை 2.56 டாலருக்குக் காசோலை தந்தார், வாங்கியவர்களில் பலர் அதை மாற்றாமல் ஃப்ரேம் போட்டு மாட்டிக்கொண்டார்கள். உன்னிடம் காசு கேட்கவில்லை, பயப்படாதே.

பட்டியல் நீளமாக இருந்தால் ஆட்கள் மட்டமாக நினைப்பார்கள் என்று நீ முன்பு ஒருதரம் சொன்னாய். நினைக்கிறவர்கள் நினைக்கட்டும். நான் ஒரு லைப்ரரியை எடுக்குமுன் அந்தப் பட்டியலைத்தான் முதலில் படிக்கிறேன், எந்தப் பக்கத்தில் எல்லாரும் வழுக்குகிறார்கள் என்று அதில்தான் தெரியும். ஒன்று மட்டும் ஒத்துக்கொள்கிறேன்: பாதுகாப்பு ஓட்டை சம்பந்தப்பட்டதென்றால் அடைத்துவிட்டுச் சொன்னால் போதும். மற்றதெல்லாம் வெளியே வரட்டும். எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம், என்ன எழுதியிருந்தது, உண்மையில் என்ன நடக்கிறது, இவ்வளவு இருந்தால் போதும். மெயில் எழுதியவர்களின் பெயரை மட்டும் கேட்காமல் போட்டுவிடாதே.

அடுத்த மாதம் இரண்டு நாள் வருகிறேன், உட்கார்ந்து உனக்கு வந்த மெயில்களைப் பிரித்துப் பட்டியலில் போடலாம். கேசரி நீ செய்ய வேண்டாம், போன தடவை பட்டது போதும்.

மீனா

பி.கு.: உன் நிறுவல் பக்கத்தில் மூன்றாவது படியும் நான்காவது படியும் இடம் மாறிக் கிடக்கின்றன. மெயில் போட மாட்டேன். பட்டியலைத் திற, முதல் ஆளாக நானே வந்து போடுகிறேன்.