குவார்ட்டரை ‘ஒன்று’ என்று எழுதும் ஆலோசகர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘மூன்று மாதத்தில் ஆலோசகர் ஆகலாம், போதை மீட்பு மையத்தில் வேலை’ என்ற ரீதியில் விளம்பரங்கள் பெருகிவிட்டன. இப்படிப்பட்ட வகுப்புகளில் உளவியல் அறிஞர்கள் ஃபிராய்டும் மாஸ்லோவும் தவறாமல் இருப்பார்கள். எதிரே வந்து உட்காரும் குடிநோயாளியிடம் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்பதுதான் இருக்காது.

ஒருவரின் குடிப்பழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்று அளக்கும், உலக சுகாதார நிறுவனத்தின் ‘ஆடிட்’ வினாத்தாளையே எடுத்துக்கொள்வோம். 10 கேள்விகள், மொத்தம் 40 மதிப்பெண். 8 வந்தாலே ஆபத்தான குடி. குடிக்கும் நாளில் எத்தனை ‘டிரிங்க்’ என்பது இரண்டாவது கேள்வி. தினமும் குடிப்பவர் “ஒரு குவார்ட்டர்தான் சார்” என்பார். ஆலோசகர் ‘ஒன்று’ என்று குறித்துவிடுவார். குவார்ட்டர் என்பது 180 மில்லி. பிராந்தியோ ரம்மோ, அதில் 42.8 சதவீதம் ஆல்கஹால். எடையில் ஏறத்தாழ 60 கிராம். 10 கிராமுக்கு ஒரு டிரிங்க் என்றால், அவர் குடித்தது ஆறு. முதல் மூன்று கேள்விகளுக்கு (எத்தனை நாளுக்கு ஒருமுறை குடி, குடிக்கும் நாளில் எத்தனை டிரிங்க், ஒரே தடவையில் ஆறோ அதற்கு மேலோ குடிப்பது எத்தனை நாளுக்கு ஒருமுறை) 4, 2, 4 என 10 வர வேண்டிய இடத்தில் 4, 0, 0 என்று நான்கோடு நின்றுவிடும். சிகிச்சை தேவைப்படுகிறவர் ‘பரவாயில்லை’ என்ற பட்டியலுக்குப் போய்விடுவார். ‘கட்டிங்’ என்றால் இன்னும் சிக்கல்: யாரோடு பங்கு, ஒரு நாளில் எத்தனை தடவை என்று துருவினால்தான் கணக்குக் கிடைக்கும்.

அதைவிட அவசரமான கேள்வி, “கடைசியாக எப்போது குடித்தீர்கள்?” மாலை போட்டோ, கோயிலில் கயிறு கட்டியோ சட்டென்று நிறுத்தியவருக்கு 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு, மூன்றாம் நாளில் இல்லாத உருவங்கள் தெரிவது, நேரம் இடம் குழம்புவது எல்லாம் வரலாம். கை நடுங்கி, வியர்த்து, தூக்கமில்லாமல் இருப்பவருக்கு அன்று பேச்சு வேண்டாம், மருத்துவர் வேண்டும். அவரை உட்காரவைத்து ஒரு மணி நேரம் அறிவுரை சொல்வது உயிரோடு விளையாடுவது. குடியை விடுவதற்காகத் தரப்படும் டைசல்ஃபிராம் மாத்திரையைச் சாம்பாரில் ரகசியமாகக் கலக்கும் வீட்டாரையும் ஆலோசகர்தான் தடுக்க வேண்டும். அந்த மாத்திரை உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் தடாலென விழும். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட அந்த ஆபத்து உண்டு.

பேச்சுக்கு வருவோம். “விட்டுடலாம்னுதான் நெனைக்கிறேன், சாயங்காலமானா கால் தானா போயிடுது” என்கிறார் ஒருவர். “பிள்ளைங்கள நெனைச்சுப் பாருங்க” என்பது பதில் அல்ல. அதை மாமியார் ஏற்கெனவே சொல்லியிருப்பார். “பகல்லாம் விடணும்னுதான் இருக்கு, சாயங்காலந்தான் கஷ்டம்” என்று அவர் சொன்னதையே திருப்பிச் சொல்லிப் பேசாமல் இருந்தால், அடுத்த வாக்கியம் அவரிடமிருந்து வரும். ஒரு கேள்வி கேட்டால் இரண்டு தடவை இப்படித் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது நல்ல அளவு. புதியவர்களுக்கு இது தலைகீழாகத்தான் இருக்கும். நோயாளியின் சம்மதத்தோடு 20 நிமிட உரையாடலைப் பதிவுசெய்து, பயிற்றுநர் பக்கத்தில் உட்கார்ந்து வரிவரியாகக் கேட்டுத் திருத்தினால் ஒழிய இது மாறாது. தேர்வுத்தாளில் பிடிபடாத தவறு இது.

பயிற்றுநரும் வார்டில் கால் வைத்தே பல வருடமாகியிருந்தால் என்ன திருத்துவார்? வாரத்தில் ஒரு நாளாவது அவர் நோயாளிகளைப் பார்க்க வேண்டும்.

2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் வரையறையில் மது, போதைப் பழக்கம் சார்ந்த மனநிலைப் பாதிப்புகளும் அடங்கும். ஆகவே போதை மீட்பு மையங்களை ஆய்வுசெய்ய வரும் அதிகாரிகள் கட்டில்களை எண்ணுவதோடு, ஆலோசகர்களின் பேச்சை யார் கேட்டுத் திருத்துகிறார், கடைசியாகத் திருத்திய தேதி எது என்பதையும் பதிவேட்டில் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஆலோசகர் பயிற்றுநர்,
மதுரை