பெயர் பிரிப்பது பொழுதுபோக்கா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் வண்ணமீன் கட்டுரையில், பூன்டியஸ் என்ற பொடிக்கெண்டைப் பேரினத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துப் புதுப் பெயர் வைத்து ஆராய்ச்சியாளர்கள் பொழுதுபோக்குகிறார்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி. அதற்குக் கீழேயே மிஸ் கேரளா என்ற வண்ணமீனின் படம். பெயர் பூன்டியஸ் டெனிசோனி. அந்த மீன் 2013-லேயே சஹ்யாத்ரியா என்ற தனிப் பேரினத்துக்குப் போய்விட்டது. கட்டுரையாளருக்கு அதைப் பார்க்கப் பொழுதில்லை போலும்.

1822-ல் ஹாமில்டன் வைத்த பெயர் பூன்டியஸ் என்பது தாங்கள் அறியாததல்ல. அப்புறம் எங்கே சேர்ப்பதென்று தெரியாத பொடிக்கெண்டையையெல்லாம் அதற்குள் திணித்தார்கள். 2012-ல் இலங்கையின் பெத்தியகொட முதலிய மூவர் மரபணுவையும் உடலமைப்பையும் வைத்துப் பிரித்த பிறகுதான் பெத்தியா, டாகின்சியா என்ற தனிப் பேரினங்களெல்லாம் வந்தன. ரோஸி பார்ப் என்கிறார்களே, அந்தப் பெத்தியாவின் முதுகுத்துடுப்பை ஒரு லென்ஸில் பாருங்கள். கிளைக்காத கடைசி முள்ளின் பின்விளிம்பில் ரம்பப்பல் இருக்கும். குண்டூசியை ஓட்டினால் தடுக்கும். பூன்டியஸில் அதே முள் வழவழவென்றிருக்கும். வகுப்பில் பிள்ளைகளுக்கு இதைக் காட்டியே எனக்குக் கண் போயிற்று.

அவர்கள் இன்னொரு பேரினத்துக்கு வைத்த திராவிடியா என்ற பெயர் ஏற்கெனவே ஓர் ஈக்கு இருந்ததால், மறுவருடமே அதை ஹாலுதாரியா என்று மாற்ற வேண்டிவந்தது. சரி, சிரித்துக்கொள்ளுங்கள். ஹாமில்டனுக்கு மீன் வரைந்து கொடுத்த வங்காள ஓவியர் ஹாலுதாருக்கு அதனால்தான் மரியாதை கிடைத்தது.

சஹ்யாத்ரியாவில் இருப்பவை இரண்டே சிற்றினங்கள். இரண்டும் மேற்குத்தொடர்ச்சி மலை ஆறுகளுக்கே உரியவை, இரண்டும் அழியும் ஆபத்துப் பட்டியலில் உள்ளவை. பழைய மூட்டைக்குள் கிடந்தவரை இது யார் கண்ணில் பட்டது?

என் மாணவி ஒருத்தி தேர்வில் பெத்தியா என்று எழுதி மதிப்பெண் இழந்தாள். விடைக்குறிப்பில் பூன்டியஸ் இருந்ததாம். மறுமதிப்பீட்டுக்குக் கட்டிய பணமும் போயிற்று. தாங்கள் மட்டும் என்ன? ஜிலேபிக் கெண்டையைப் போட்டு நாட்டுக்கெண்டை என்று எழுதியபோதும் நான் கடிதம் அனுப்பினேன். ஜிலேபி ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, கெண்டைக் குடும்பமே அல்ல. கடிதம் எந்தக் குப்பைக்கூடையில் இருக்கிறதோ. விளம்பரதாரர் பெயரில் ஓர் எழுத்து பிசகினால் மட்டும் அடுத்த இதழிலேயே வருத்தம் தெரிவிக்கிறீர்கள்.

நான் வருத்தமெல்லாம் கேட்கவில்லை. மிஸ் கேரளாவின் பெயர் சஹ்யாத்ரியா டெனிசோனி என்று ஒரு வரி போடுங்கள், ஓரத்தில் பொடியெழுத்தில் இருந்தாலும் சரி. இரண்டு இடத்திலும் ரெண்டு சுழி 'னி'.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்